மலையேறிய மால்பெக்

அர்ஜென்டினாவின் மேற்கெல்லையில், ஆண்டிஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் மெண்டோசா மாநிலம் அமைந்துள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெறும் அவ்வறண்ட நிலத்தில் திராட்சை விளைவது, மலைப்பனி உருகி வரும் ஆற்றுநீரால். அந்நீரை வாய்க்கால் வெட்டிக் கொணரும் கலையை ஸ்பானியர் வருகைக்கு முன்பே உவார்ப்பே என்னும் தொல்குடியினர் அறிந்திருந்தனர். மெண்டோசாவின் புகழைப் பேசுங்கால் ஐரோப்பியக் குடியேறிகளோடு, வாய்க்கால் வெட்டிய இக்கைகளையும் நினைத்தல் தகும்.

இன்று அம்மண்ணின் அடையாளமாகிவிட்ட மால்பெக் என்னும் கருந்திராட்சை, தென்மேற்குப் பிரான்சைச் சேர்ந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான சார்மியெந்தோவின் முயற்சியால் 1853இல் மெண்டோசாவில் வேளாண் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே பூஷே இக்கொடியை அங்கு அறிமுகப்படுத்தினார். பின்னர்ப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்தது. 1956ஆம் ஆண்டின் கடுங்குளிர் போர்தோ பகுதியில் எஞ்சிய மால்பெக்கின் பெரும்பகுதியைக் கருக்கியது. பிறந்தகத்தில் தேய்ந்த கொடி புக்ககத்தில் தழைத்தது எனலாம்.

இத்தாலியிலிருந்து குடியேறிய நிக்கோலா கத்தேனா 1902இல் மெண்டோசாவில் தம் முதல் மால்பெக் கொடிகளை நட்டார். உலகின் சிறந்த செம்மதுவிற்கு நிகரானதை மால்பெக் தரும் என்று அவர் மகன் தொமிங்கோ உறுதியாக நம்பினார். 1960களில் நாட்டின் பொருளாதாரம் சீர்குலைந்தபோது, கனியைப் பறிக்கும் செலவு அதன் விலையை மிஞ்சிற்று. பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த மகன் நிக்கொலாஸிடம் தொமிங்கோ கருத்துக் கேட்டார். பறிக்க வேண்டா என்றார் மகன். கணக்கின்படி அவ்விடை சரியே. ஆயினும் விளைந்ததைக் கொடியில் அழுகவிடத் தந்தைக்கு மனம் ஒப்பவில்லை, பறித்தார்.

அக்கணக்கறிந்த மகனே 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வருகைப் பேராசிரியராக இருந்தபோது, ஐரோப்பாவிற்கு வெளியேயும் உயர்தர மது பிறக்கக் கண்டார். ஊர் திரும்பியும் அவர் நாடியது காபர்னே, ஷார்தொனே ஆகிய வகைகளையே. தந்தையின் நம்பிக்கையில் அவருக்கு ஐயம் இருந்தது. அக்காலத்தே அர்ஜென்டினாவில் மால்பெக் கொடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டுக்கொண்டிருந்தன என்பதையும் கருதினால், அவ்வையத்தைக் குறைகூற இயலாது.

1992இல் அவர் துப்புங்காத்தோ வட்டத்தைச் சார்ந்த குவால்தயாரியில், ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் தோட்டம் அமைத்தார். இளைய மகள் அத்ரியானாவின் பெயரை அதற்குச் சூட்டினார். அது மெண்டோசா நகரினும் ஏறக்குறைய இருமடங்கு உயரம். அக்குளிரில் கனி பழுக்காது என்று அவருடைய தோட்ட மேலாளரே தடுத்தார். ஆனால் நிகழ்ந்தது வேறு. உயரத்தில் புற ஊதாக் கதிர் மிகுதி. அதனைத் தாங்கும் பொருட்டுக் கனி தன் தோலில் நிறப்பொருளையும் துவர்ப்பையும் மிகுத்துக்கொள்கிறது. பகலொளியில் இனிப்பு ஏற, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. நீர் சுவறும் சரளைக்கல் நிலம் கொடியின் மிகைவளர்ச்சியை அடக்குகிறது. தாழ்நிலத்து மால்பெக்கினும் அடர்நிறமும் நறுமணமும் உடைய செம்மது அங்குப் பிறந்தது.

மருத்துவரான மூத்த மகள் லாரா 1995இல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, உயரத்திற்கும் கனிக்கும் உள்ள தொடர்பை ஆராயலானார். அக்குடும்பம் கத்தேனா என்னும் பெயரில் வெளியிட்ட மால்பெக் மதுவின் முதல் அறுவடை 1994ஆம் ஆண்டினது. அதைச் சுவைக்கத் தொமிங்கோ உயிருடன் இல்லை.