ஜரீனா: கோடுகளால் கட்டிய வீடு

ஓவியம் என்றவுடன் நமக்குத் தூரிகையும் வண்ணமும்தான் நினைவுக்கு வருகின்றன. மரப்பலகையில் செதுக்கியோ உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்தோ எடுக்கப்படும் அச்சோவியத்தை நாம் ஓவியத்தின் தம்பியாகக்கூட மதிப்பதில்லை. ஒரு பலகையிலிருந்து இருபது படிகள் எடுக்க முடியும் என்பதாலேயே அதன் மதிப்பு குறைந்துவிடுவதாக ஓர் எண்ணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் படியெடுக்கப்பட்டதால் ஒரு கவிதைநூல் தாழ்ந்துபோவதில்லை என்பதை அறிந்த இலக்கிய வாசகர்களாவது இந்த எண்ணத்தைக் கைவிடலாம். அப்படிக் கைவிடுபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய பெயர்களுள் ஒன்று ஜரீனா ஹாஷ்மி. குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஜரீனா என்ற ஒற்றைப் பெயரிலேயே அவர் கலையுலகில் அறியப்பட்டார்.

1937ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று அலிகாரில் பிறந்தவர். தந்தை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். பிள்ளைகளை ஃபதேபூர் சிக்ரிக்கும் ஆக்ராவுக்கும் தில்லிக்கும் அழைத்துச் சென்று முகலாயக் கட்டடங்களைக் காட்டும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஜரீனாவின் கலைக்கல்வி தொடங்கியது அங்குதான் என்று சொல்லலாம். கலைக்கல்லூரி எதிலும் அவர் பட்டம் பெறவில்லை. 1958இல் அலிகாரில் அவர் பெற்றது கணிதப் பட்டம். கட்டடக்கலை பயில வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்திருக்கிறது. அந்த ஆசை நிறைவேறவில்லை. ஆனால் அவருடைய அச்சுகளைப் பார்ப்பவர்களுக்கு, கட்டடம் கட்டாத ஒரு கட்டடக்கலைஞரைப் பார்க்கிறோம் என்றே தோன்றும்.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே இந்திய வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவரை மணந்து பாங்காக் சென்றார். மரச்செதுக்கு அச்சுமுறையை அவர் கற்றது அங்கே. 1963 முதல் பாரீசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் புகழ்பெற்ற அச்சுக்கூடமான 'அத்தேலியே 17'இல் பயின்றார். சென்னைக் கலாக்ஷேத்ராவில் கலைப்பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த கிருஷ்ணா ரெட்டி அப்போது அங்கே முதன்மையான ஆளுமையாக விளங்கினார். ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே நேரத்தில் அச்சிடும் நுட்பம் அந்தக் கூடத்தின் பெருமை. ஜரீனாவோ நுட்பங்களைக் கற்றுக்கொண்டு வண்ணங்களை விட்டுவிட்டார். அறுபதுகளின் இறுதியில் தில்லிக்குத் திரும்பியபின், கிடைத்த மரத்துண்டுகளைப் பொருத்தி மையிட்டு, அவற்றின் ரேகைகளையே அச்சாக எடுத்தார். பின்னர் தோக்கியோவில் தோஷி யோஷிதாவின் கூடத்தில் ஜப்பானிய மரச்செதுக்கு மரபைப் பயின்றுவிட்டு, எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா சேர்ந்து நியூயார்க்கில் தங்கினார். 1977இல் கணவர் இறந்தார். அதன்பின் தனியாகவே அந்த நகரத்தில் கலைஞராக வாழ்ந்து காட்டினார்.

இந்தப் பயணங்களுக்கிடையில் ஒரு நிகழ்ச்சி சத்தமில்லாமல் நடந்து முடிந்தது. ஜரீனா வெளிநாட்டில் இருந்த காலத்தில், 1959இல், பெற்றோர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். 1947இன் கலவரங்களைத் தாண்டியும் அலிகாரிலேயே தங்கியிருந்த குடும்பம் அது. பிரிவினை என்றால் நாம் எரியும் ஊர்களையும் பிணங்கள் நிறைந்த ரயில்களையும் எண்ணுகிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பேராசிரியர் குடும்பம் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கராச்சிக்குப் போவதும் பிரிவினைதான். ஜரீனாவைப் பொறுத்தவரை, அவர் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. அவர் திரும்புவதற்குள் வீடுதான் அவரைவிட்டு வெளியேறிவிட்டது.

அவர் கலை முழுவதும் அந்த வீட்டின் தரைப்படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்க்கும் முயற்சியாகவே அமைந்தது. 'தந்தையின் வீடு 1898–1994' என்ற அச்சில் முற்றத்தைச் சுற்றிய அலிகார் வீட்டின் அறைகள் கோடுகளாக இருக்கின்றன. இடங்களின் பெயர்கள் உருதுவில் எழுதப்பட்டிருக்கின்றன. மனிதர் எவரும் இல்லை. 1997இல் வெளிவந்த 'நான் அமைத்த வீடுகள்: ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை' என்ற தொகுப்பில், அவர் வாழ்ந்த வெவ்வேறு நகரத்து வீடுகளின் தரைப்படங்கள் ஒன்பது அச்சுகளாகின்றன. தன்வரலாறு எழுதுபவர்கள் சம்பவங்களைச் சொல்வார்கள். இவர் சுவர் எங்கே இருந்தது, வாசல் எந்தப் பக்கம் திறந்தது என்பதை மட்டும் சொல்கிறார்.

வகுப்பில் அகத்திணை நடத்தும்போது 'அகம்' என்ற சொல்லுக்கு உள், மனம், வீடு என மூன்று பொருளும் உண்டு என்று மாணவர்களுக்கு விளக்குவது என் வழக்கம். மூன்றும் எப்படி ஒரே சொல்லுக்குள் அடங்கின என்று யாராவது ஒரு மாணவி கேட்பாள். ஜரீனாவின் தரைப்படங்கள் அந்தக் கேள்விக்குத் தகுந்த விடையாக எனக்குத் தோன்றுகின்றன. அவை வீட்டின் படங்கள். ஆனால் அளவுகோல் வைத்து வரைந்தவையல்ல, நினைவை வைத்து வரைந்தவை.

இந்த வகையில் அவருடைய முதன்மைப் படைப்பு 1999இல் வெளிவந்த 'வீடு ஓர் அந்நிய இடம்'. நியூயார்க்கில் தாம் நெடுங்காலம் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் சூழ்ந்திருந்தபோது உருவான தொகுப்பு இது. தமக்கு வீட்டை நினைவூட்டும் சொற்களை முதலில் பட்டியலிட்டார்: வீடு, வாசல், நிலைப்படி, முற்றம், சுவர் என்று தொடங்கி எல்லை, தூரம், மொழி வரை அவை விரிகின்றன. அவற்றைப் பாகிஸ்தானில் உள்ள எழுத்தணிக் கலைஞர் ஒருவரிடம் அனுப்பி நஸ்தலீக் எழுத்தில் எழுதி வாங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரச்செதுக்கு அச்சு, மொத்தம் 36. கருமையில் ஒரு வடிவம், அதன்கீழ் ஓர் உருதுச் சொல், அவ்வளவே. படத்திலிருந்து சொல்லுக்குப் போவது பலருடைய வழி. ஜரீனா சொல்லிலிருந்து படத்துக்கு வந்தார். அந்தச் சொற்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் தாம் பிறந்த மண்ணிலேயே குறைந்துவருகிறார்கள் என்ற துயரமும் அந்த எழுத்துகளில் இருக்கிறது. நமக்கும் அவை புரியாத எழுத்துகள்தாம். அந்தப் புரியாமையும் படைப்பின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

2001இல் அவர் செய்த 'பிரிக்கும் கோடு' என்ற மரச்செதுக்கு, வரலாற்று மாணவர்கள் அனைவரும் பார்க்க வேண்டிய ஒன்று. முன்பு இந்தியாவுக்கே வந்திராத சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலையில் வந்து ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எல்லையை வகுத்துவிட்டார். விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17 அன்றுதான் அது வெளியிடப்பட்டது. மைதொட்டுக் காகிதத்தில் இழுக்கப்பட்ட கோடு. மரச்செதுக்கில் கோடு அப்படி எளிதாக வருவதில்லை. உளிபட்ட இடம் வெண்மையாகும். உளிபடாத இடமே கருமையாக அச்சேறும். ஆகவே ஒரு கருங்கோடு மிஞ்ச வேண்டுமானால் அதன் இருபுறமும் உள்ள பரப்பு முழுவதையும் செதுக்கி அகற்ற வேண்டும். அகற்றிய பின்னும் மிஞ்சிய உளித்தடங்கள் அந்த அச்சில் சிதறல்களாகத் தெரிகின்றன. ஓர் எல்லைக்கோடு நிலைபெற அதன் இருபக்கத்திலும் எவ்வளவு அழிய வேண்டியிருக்கிறது என்பதை அந்தத் தொழில்முறையே சொல்லிவிடுகிறது.

2003இல் கிரோஸ்னி, சராயேவோ, ஸ்ரெப்ரெனிட்சா, பெய்ரூட், ஜெனின், பாக்தாத், காபூல், அகமதாபாத், நியூயார்க் ஆகிய ஒன்பது நகரங்களை ஒன்பது மரச்செதுக்குகளாக்கினார். காலிபைத் தழுவி ஏட்ரியன் ரிச் எழுதிய கவிதையிலிருந்து அதன் தலைப்பு பிறந்தது. குஜராத்தின் நகரத்தையும் அமெரிக்காவின் நகரத்தையும் ஒரே வரிசையில் வைத்ததில் அவருடைய அரசியல் தெளிவாகிறது. தம் வீட்டை இழந்த துயரம் பிறருடைய வீடுகளைக் காணும் கண்ணாக மாறியிருக்கிறது. அடுத்த ஆண்டின் 'வீட்டிலிருந்து கடிதங்கள்' இன்னும் நெருக்கமானது. பாகிஸ்தானில் வாழ்ந்த அக்கா ராணி, பெற்றோரின் மறைவு, வீட்டை விற்றது முதலிய செய்திகளை எழுதி அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்த கடிதங்கள் ஜரீனாவின் கைக்கு வந்தன. அந்தக் கையெழுத்தின்மேல் வீட்டு வரைபடங்களையும் நிலப்படங்களையும் அச்சிட்டு எட்டு அச்சுகளாக்கினார்.

ஜரீனாவை ஆசிரியராகவும் நாம் அறிய வேண்டும். 1979இல் தொடங்கிய நியூயார்க் பெண்ணியக் கலை நிறுவனத்தில் அவர் காகிதம் செய்யும் கலையைக் கற்பித்தார். பின்னர் தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தார். 1980இல் அனா மெண்டியெத்தா, கசுகோ மியாமோதோ ஆகியோருடன் இணைந்து, மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றை நியூயார்க்கில் அமைத்தார். வெள்ளையர் பெண்ணியத்துக்குள்ளும் தம்மைப் போன்றவர்களுக்கு இடமில்லை என்ற நிலையில் எழுந்த முயற்சி அது. காகிதத்தை அவர் வெறும் தளமாகக் கருதியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுபதுகளில் காகிதத்தில் ஊசியால் குத்தியே படைப்புகள் செய்தார். எண்பதுகளில் காகிதக்கூழை வார்த்துக் குளம், மூலை, வேலி போன்ற வடிவங்களை உருவாக்கினார். அவற்றின் மண்நிறமும் கனமும் சிவப்புமணற்கல் கட்டடங்களை நினைவூட்டுகின்றன. அக்பர் எழுப்பிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கைவிட்ட ஃபதேபூர் சிக்ரியைச் சிறுவயதில் கண்டவர் அவர். ஆளில்லாத முற்றங்களின் ஒழுங்கு அந்தக் கண்ணில் நிலைத்துவிட்டது போலும்.

மேலை விமரிசகர்கள் அவரை அமெரிக்க மினிமலிசத்தோடு சேர்த்துப் பேசுவதுண்டு. தோற்ற ஒற்றுமை உண்மைதான். ஆனால் அந்த மரபில் கோடு கோடாகவே நிற்க விரும்பியது. எதையும் குறிக்க மறுத்தது. ஜரீனாவின் கோடு எப்போதும் ஒரு சுவர், ஓர் ஆறு, ஓர் எல்லை. அவருடைய சிக்கனம் கணிதத்திலிருந்தும், உருவங்களைத் தவிர்த்து வடிவியலில் அழகு கண்ட இஸ்லாமியக் கட்டடக்கலையிலிருந்தும், எதையும் இரண்டடிக்குள் சொல்லிவிடும் உருதுக் கவிதையிலிருந்தும் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 2011இல் வெனிஸ் இருபதாண்டல்ல, ஈராண்டுக் கலைவிழாவின் இந்திய அரங்கில் அவர் இடம்பெற்றபோது வயது எழுபத்து மூன்று. 2012இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி மறு ஆண்டு குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கும் சிகாகோவுக்கும் சென்றது. 2018இல் நினைவுக்குறிப்பு நூல் வெளியாயிற்று. அதன் தலைப்பு, தம் வீட்டுக்கு வழி சொல்வது. 2020 ஏப்ரல் 25 அன்று லண்டனில் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் அவரைப் பீடித்தது நினைவை அழிக்கும் அல்சைமர் நோய். வாழ்நாள் முழுவதும் நினைவிலிருந்தே வரைந்தவருக்கு அது நேர்ந்தது கொடுமை. நல்லவேளையாக, அந்த வீட்டின் தரைப்படத்தை அவர் பலமுறை செதுக்கி வைத்துவிட்டார். முற்றம் எங்கே, வாசல் எங்கே என்பது இனி எவருடைய நினைவையும் நம்பி இருக்கவில்லை.