மூன்று சீவரமும் ஒரு சிவப்புத் தொப்பியும்

2019 அக்டோபர் 11 மாலை, மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் இரண்டு நாட்டுத் தலைவர்கள் நின்றார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது இப்போது பலருக்கு நினைவில் இருக்காது. என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது நினைவிருக்கும். மோடி வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். ஷி ஜின்பிங் வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும். கோட் இல்லை, டை இல்லை. ஒருத்தர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார், இன்னொருத்தர் ஒன்றைக் கழற்றி வைத்தார். அக்டோபர் மாதத்துக் கடற்கரைப் புழுக்கத்தில் கோட்டோடு நிற்பது லேசான காரியமில்லை என்பது தனிக்கதை.

அன்றைக்கு மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அடுத்த மாதம் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, ஊர் அதற்குள் வந்தது. பழைய செங்கல்பட்டு ஜில்லா என்றால் காஞ்சிபுரம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் மூன்றும் சேர்ந்ததுதான். இந்தச் சின்ன நிலப்பரப்புக்குள், பயணத்துக்குத் துணி கட்டுவது பற்றி ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’, ‘பத்து உடை, முப்பது லுக்’ என்று ரீல்ஸ் பார்க்கிற நாம் அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு பட்டியல். ஷி ஜின்பிங்குக்குச் சுமார் 1,380 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சீனர் இந்தப் பக்கம் வந்தார். யுவான் சுவாங். அவர் கிளம்பிய புதிதில், இன்றைய துர்பான் பகுதியில் இருந்த காவோசாங் நாட்டு அரசன் அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை என்றானதும் வழியனுப்பச் சாமான் கட்டிக் கொடுத்தான். துறவி உடைகள் 30 தொகுதி. மேற்கே குளிர் அதிகம் என்பதால் முகத்தை மூடும் துணி, கையுறை, காலணி, காலுறை. செலவுக்குத் தங்கம், வெள்ளி. அதோடு பட்டுச் சுருள்கள் 500. 30 குதிரை, 25 ஆள். யுவான் சுவாங்கின் சீடர் ஹுய்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பனிமலையைக் கடக்க ஏழு நாளானது. கூட வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் குளிரிலும் பசியிலும் செத்துப்போனார்கள். இரட்டைக் காலணி, தோலாடை எல்லாம் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை என்கிறது அந்த நூல். பிறகு இந்தியாவுக்குள் வந்து, பஞ்சாபில் பலாச மரக்காடு ஒன்றைக் கடக்கும்போது ஐம்பது கொள்ளைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். உடுத்தியிருந்த துணி உட்பட எல்லாம் போயிற்று. கூட வந்தவர்கள் அழுதார்கள், யுவான் சுவாங் சிரித்தார். உயிர் மிச்சமிருக்கும்போது துணிக்கு எதற்கு அழுகை என்பது அவர் கேள்வி.

அவர் காஞ்சிக்கு வந்தது சுமார் கி.பி. 640இல், மாமல்லன் என்ற நரசிம்மவர்மன் ஆட்சியில். நிலம் வளமானது, வெக்கை அதிகம், மக்கள் துணிச்சலானவர்கள், படிப்பை மதிப்பவர்கள் என்று எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் கணக்குச் சொன்னார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்தார். அங்கே அரசன் இறந்து பஞ்சம் என்று செய்தி வந்ததால் போகவில்லை.

இந்தியர்களின் உடையைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு விஷயம் முக்கியமானது. இங்கே துணியை வெட்டித் தைப்பதில்லை என்பதுதான் அவர் கண்ணில் முதலில் பட்டது. பெரும்பாலும் வெள்ளை. ஆண்கள் இடுப்பில் சுற்றி அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து தொங்க விடுகிறார்கள். பெண்களின் துணி தோளை மூடித் தரைவரை விழுகிறது. குளிர் உள்ள வடக்கில் மட்டும் உடம்பை ஒட்டிய குட்டையான உடை. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தை உடையை வைத்தே பிரித்துவிட்டார். மூட்டை கட்டத் தெரிந்தவரின் பார்வை அது.

அவரைப் போன்ற துறவிகளுக்கு ஒரு விதி இருந்தது: மூன்று சீவரம், அதற்கு மேல் கிடையாது. இந்த ‘மூன்று’ எங்கிருந்து வந்தது என்று பௌத்த விநய நூல் ஒரு கதை சொல்கிறது. புத்தர் வைசாலிக்குப் போகும் வழியில் எதிரே பிக்குகள் வருகிறார்கள். தலையில் ஒரு துணி மூட்டை, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பஸ் ஸ்டாண்டில் நாம் நிற்கிற கோலம்தான். இவர்கள் ரொம்பச் சீக்கிரம் சேர்த்துவிட்டார்களே என்று அவருக்குப் பட்டது. உடனே தடை போடவில்லை. பனிக்கால இரவில் ஒரே ஒரு துணியோடு வெட்டவெளியில் உட்கார்ந்து பார்த்தார். முதல் யாமம் முடியும்போது குளிர்ந்தது, இரண்டாவது துணி. நடுயாமம் முடியும்போது மூன்றாவது. விடியும் நேரத்தில் நான்காவது. அதற்கு மேல் குளிரவில்லை. குளிருக்குப் பயப்படுகிற, நல்ல குடும்பத்திலிருந்து வந்த ஆளுக்கும் இது போதும் என்று கணக்குப் போட்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று, போர்த்த இரண்டடுக்கில் ஒன்று என மூன்றாக்கினார். அடுக்கடுக்காகப் போடு, வெக்கை வந்தால் ஒன்றைக் கழற்று. இன்றைக்கு மலையேறுகிறவர்கள் ‘லேயரிங்’ என்று சொல்வதும் இதைத்தான்.

விதி இருந்தால் விலக்கும் இருக்கும். யுவான் சுவாங்குக்குப் பின் வந்த இத்சிங், 671இல் கடல் வழியாகக் கிளம்பி, ஸ்ரீவிஜயத்தில் தங்கி, நாலந்தாவில் படித்தவர். துறவியின் உடைகளுக்காகவே தன் நூலில் பக்கங்களை ஒதுக்கினார். சீனத்துத் துறவிகள் வெட்டித் தைத்த உடை போடுகிறார்களே என்பது அவர் வருத்தம். ஆனால் குளிர் நாட்டில் என்ன செய்வது? வயிற்றைச் சூடாக வைத்துக்கொள்ள ஒரு தனி உடுப்புக்கு அனுமதி உண்டு என்று அதையும் எழுதிவைத்தார். தென்கடல் தீவுகளில் மக்கள் தைக்காத ஒற்றைத் துணியைச் சுற்றிக்கொள்வதையும் குறித்தார். நம்ம கைலிக்குச் சொந்தக்காரர்கள்தான்.

இப்போது பாறைக்குத் திரும்புவோம். அர்ச்சுனன் தபசில் எல்லோரும் யானையைப் பார்ப்பார்கள், தவம் செய்யும் பூனையைப் பார்ப்பார்கள். நடுவிலுள்ள பிளவின் அடியில், சிறு கோயிலின் பக்கத்தில், ஆற்றில் குளித்து எழுந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் தோளில் குடம். இன்னொருவர் நனைந்த துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிகிறார். வானத்திலிருந்து கங்கை இறங்குகிறது, தேவர்கள் பறக்கிறார்கள், இவர் துணி பிழிகிறார். பல்லவச் சிற்பி ஏன் அதைச் செதுக்கினான் என்று பெரிய விளக்கம் தேவையில்லை. அவன் தினமும் பார்த்த காட்சி. மெல்லிய பருத்தியைப் பிழிந்து உதறி இடுப்பில் சுற்றினால், நடக்க நடக்கக் காற்றில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் ஜீன்ஸோடு ஈ.சி.ஆரில் நனைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்று நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் போகாது.

அந்த மெல்லிய பருத்தியைத் தேடித்தான் டச்சுக்காரர்கள் வந்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம்; அவர்கள் வாயில் சத்ராஸ். 17ஆம் நூற்றாண்டில் அங்கே வணிக நிலையம் அமைத்தார்கள். கோட்டை இடிந்து கிடந்தாலும் உள்ளே டச்சுக் கல்லறைக் கற்களில் எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது. அந்த ஊர் மஸ்லினுக்குப் பேர் போனது.

கம்பளி கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த ஐரோப்பியர்களுக்குக் கீழை நாடுகள் ஒரு விடுதலை கொடுத்தன. ஜப்பானில் டச்சுக்காரர்களுக்குப் பரிசாகக் கிடைத்த கிமோனோ வகை அங்கி ஐரோப்பாவில் மோகமானது. கேட்டவர்கள் அதிகம், கிடைத்தது குறைவு. அதனால் அதே வெட்டில், சோழமண்டலக் கரையின் பூவேலைச் சித்திரத் துணியில் தைக்க ஆரம்பித்தார்கள். லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் 1661இல் ஓர் ‘இந்திய அங்கி’ வாங்கியதை நாட்குறிப்பில் எழுதினார். 1666இல் தன் ஓவியத்துக்கு உட்கார்ந்தபோது போட்டிருந்த இந்திய அங்கியோ வாடகைக்கு எடுத்தது. போட்டோஷூட்டுக்கு உடை வாடகைக்கு எடுப்பது நம் கண்டுபிடிப்பு இல்லை!

இந்த அங்கிக்கு ஆங்கிலத்தில் ‘பனியன்’ என்று பேர் வந்தது. குஜராத்தி வணிகரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பேர் அது. வணிகரின் பேர் அங்கிக்குப் போய், அங்கியின் பேர் உள்ளே போடும் சட்டைக்கு வந்து, கடைசியில் திருப்பூரில் வந்து நின்றது.

இதுவரை பார்த்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. என்ன எடுத்துப்போவது என்று யோசிக்க அவர்களுக்கு நேரமும் உரிமையும் இருந்தன. இதே ஜில்லாவிலிருந்து போன இன்னொரு கூட்டத்துக்கு அது இல்லை.

1860 அக்டோபர் 12, சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு கிளம்பி நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் அது. 1911 வரைக்கும் 1,52,184 பேர் நேட்டால் போனார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, உயரம், உடம்பிலுள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதினார்கள். ஜில்லாவுக்கான பத்தியில் செங்கல்பட்டு திரும்பத் திரும்ப வருகிறது. கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.

கரீபியத் தீவுகளுக்குப் போன கப்பல்களின் கதை இன்னும் நீளம். நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். வெயில் நாட்டு விவசாயி வாழ்நாளில் காணாத குளிர் அங்கே. அதனால் டிப்போவில் உடை கொடுத்தார்கள். ஆண்களுக்குக் கம்பளிக் கால்சட்டை, மேற்சட்டை, காலணி, ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. பெண்களுக்கு ஒரு சேலை, இரண்டு ஃபிளானல் ஜாக்கெட், கம்பளிப் பாவாடை, காலுறை, காலணி.

படித்தால் அக்கறை மாதிரித் தெரியும். காவோசாங் அரசனின் பட்டியலுக்கும் இதற்கும் சாமான்களில் பெரிய வித்தியாசம் இல்லை; காலணி, காலுறை, கம்பளி. ஆனால் கப்பல் மருத்துவருக்குச் சம்பளமே உயிரோடு கரையிறங்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான். குளிரில் செத்தால் நஷ்டம். அந்தச் சிவப்புத் தொப்பி ஒரு சரக்குக்குப் போட்ட உறை. தைத்த துணி போடாதவர், செருப்புப் போட்டால் ஊரில் அடி வாங்கும் சாதியில் பிறந்தவர், வாழ்க்கையில் முதல் முறையாகக் காலணி போட்டது அந்த டிப்போவில் என்றால், அது அவருக்கு அவமானமா, ஆறுதலா? இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். பதில் எழுதிவைக்க அவர்கள் கையில் பேனா இல்லை.

இன்னொரு முரண் உண்டு. மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளில் தமிழர்கள் இறங்குவதற்கு முன்பே சென்னைத் துணி அங்கே போய்விட்டது. கட்டம்போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றும் செயின்ட் லூசியாவின் தேசிய உடையில் அந்தக் கட்டம் இருக்கிறது. துணியின் பேர் அங்கே ‘மெட்ராஸ்’. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்பார்கள். நூல்களை நுணுக்கமாக அறுத்து உருவிப் புது வடிவம் செய்வது அவர்கள் கலை. துணி போன இடமெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தமாயிற்று. அதை நெய்த ஊர்களின் மனிதர்கள் போன இடத்தில் எண்ணாக இருந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டில் அதே கட்டம் அமெரிக்காவில் கோடை விடுமுறைச் சட்டையானது. சென்னையைச் சுற்றிய ஊர்களிலும் ஆந்திரக் கரையிலும் கைத்தறியில் நெய்த துணி. துவைத்தால் சாயம் போகும். 1958இல் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கியவர்கள் சாயம் போனதற்குச் சண்டைக்கு வந்தார்கள் என்று ஜவுளி வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1960களில் ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள் என்பது நிஜம். ஒவ்வொரு சலவைக்கும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து வேறு நிறமாகும், அதுதான் ஸ்டைல் என்றார்கள். நம் ஊரில் சாயம் போன கைலியை யாரும் ஸ்டைல் என்று சொன்னதில்லை.

இப்போதும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்தால் பெரும்பாலும் முதுகில் ஒரே பைதான். இரண்டாம் நாள் கடைத்தெருவில் மெல்லிய பருத்திக் கால்சட்டை வாங்கி, கொண்டுவந்த தடித்த பேண்ட்டை உள்ளே சுருட்டிவிடுகிறார்கள். ஊர் தானே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. கொடைக்கானலுக்கோ லடாக்குக்கோ கிளம்புகிற நமக்கும் கணக்கு அதேதான்: உடுத்த ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று, போர்த்த ஒன்று. வண்ணம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் அழகுக்கும் குறையில்லை. புதிதாக ஆன்லைனில் எட்டு ஐட்டம் ஆர்டர் பண்ண வேண்டியதில்லை.

அடுத்த முறை அந்தப் பாறைக்கு முன்னால் நின்றால் துணி பிழிகிறவரைத் தேடிப் பாருங்கள். அவருடைய கையில் இருப்பது அவருடைய துணி. எதை உடுத்துவது, எப்போது நனைப்பது, எப்போது பிழிவது, எல்லாம் அவர் முடிவு. சென்னைத் துறைமுகத்தில் சிவப்புத் தொப்பியை வாங்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு அந்தச் சாதாரண விஷயம் வாய்க்கவில்லை. அவர்களில் பலர் இந்தப் பாறையிலிருந்து ஒருநாள் நடைதூரத்து ஊர்க்காரர்கள்.