கோட்டையில் பழகிய கை

எங்கள் பக்கத்தில் கோதுமை என்றால் சர்க்கரை வியாதிக்காரர் ராத்திரிக்குச் சாப்பிடுவது. அந்தச் சீமையிலிருந்து போன ஒருவர்தான் வட இந்தியாவின் கோதுமை விளைச்சலை நிமிர்த்திவிட்டார். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்த சி.சுப்பிரமணியம், எங்களுக்கு சி.எஸ். பசுமைப் புரட்சி என்றதும் விஞ்ஞானிகள் பெயரைச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் டெல்லியில் அவர் செய்த காரியத்துக்கான பழக்கம் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த பத்து வருடத்தில் வந்தது என்பது என் கட்சி.

1952-லிருந்து 1962 வரை அவர் சென்னை மாநில மந்திரி. நிதி, கல்வி இரண்டும் கையில். ராஜாஜியின் ஆள் என்று பெயர். 1954-ல் ராஜாஜி விலகியபோது சட்டசபைக் காங்கிரஸ் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்தே நின்றார். 93-க்கு 41 என்று தோற்றார். காமராஜர் அவரைத் தள்ளி வைக்காமல் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைச் சபையில் தாங்கிப் பேசியவரும் இவர், அதே ஆண்டு மே மாதம் அது கைவிடப்பட்டது என்று அறிவித்தவரும் இவர். கேலி செய்ய வசதியான விஷயம்தான். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது: தோற்ற பிறகும் வேலையை விடாத மனுஷன். காமராஜரின் மதிய உணவுத் திட்டத்துக்குக் காசு தேடியதும் அந்த நிதி மந்திரிதான்.

என் தென்னந்தோப்புக்கு முறைத்தண்ணீர் வருவது பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்காலில். முறை வருகிற ராத்திரி டார்ச்சும் மண்வெட்டியுமாக மடையில் காத்துக் கிடக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் மேல்மடைக்காரர் திருப்பிக்கொள்வார். மேற்கே பாயும் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவந்த அந்தத் திட்டத்தை 1961-ல் நேரு தொடங்கிவைத்தார். அதற்காக விடாமல் நின்றவர்களில் சி.எஸ். முக்கியமானவர். அடுத்த வருடமே பொள்ளாச்சி அவரை லோக்சபாவுக்கு அனுப்பியது.

முதலில் எஃகுத் துறை. 1964-ல் பிரதமர் சாஸ்திரி உணவையும் விவசாயத்தையும் கொடுத்தார். அரசியல்வாதிக்குச் சமாதி கட்டும் துறை அது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷனில் கோதுமை என்ற காலம். சி.எஸ். பிடித்த நூல் ரொம்பச் சாதாரணமானது: கட்டுப்படியாகிற விலை இல்லாமல் எந்த விவசாயியும் கூடுதலாக விளைவிக்க மாட்டான். 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் வந்தது, இந்திய உணவுக் கழகம் வந்தது. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். விவசாய ஆராய்ச்சிக் குழுவின் தலைமையை ஒரு விஞ்ஞானியிடமே கொடுத்தார். அப்படி வந்த முதல் ஆள் பி.பி.பால்.

பெரிய சண்டை பணத்துக்குத்தான். விலையை ஏற்றினால், உரத்துக்கு அந்நியச் செலாவணி கொடுத்தால் கணக்கு உதைக்கும் என்று எதிர்த்தவர் நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அவரும் ஒருகாலத்தில் சென்னைச் சட்டசபையில் இருந்தவரே! பட்ஜெட் போட்டுப் பழகிய சி.எஸ்.ஸிடம் கஜானா பூச்சாண்டி பலிக்கவில்லை. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை, லெர்மா ரோஹோவும் சொனோராவும், கப்பலேறியது. அமெரிக்காவுக்கு அடகு வைக்கிறார் என்று இடதுசாரிகள் திட்டினார்கள். அவரோ தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அந்த விதையையே போட்டுவிட்டார். மந்திரி வீட்டு வாசலில் கோதுமை கதிர் தள்ளி நின்றால் பார்க்க வருகிறவர் வாயடைக்கத்தானே வேண்டும்.

இதற்கு நடுவே 1965 பிப்ரவரி. இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு எரிந்தது. அவரும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள்; ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி வானொலியில் உறுதி சொன்ன பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊரில் அதற்கும் மதிப்பில்லை. ஊர்க் கோபத்துக்கு இந்தி முதல் காரணம், இரண்டாவது அரிசி. நாட்டுக்கே சோறு போட வேண்டிய மந்திரியின் சொந்த மாநிலத்தில் ரேஷன் கடை வரிசை நீண்டுகொண்டே போனது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. எங்கள் வீட்டிலேயே ஓட்டு இரண்டாகப் பிளந்தது. அப்பா கதர்க் கட்சி. அம்மா, "உங்க சி.எஸ்ஸு பஞ்சாபுக்குத்தானுங்க மந்திரி, நம்ம அடுப்புக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உதயசூரியனில் குத்தினார். 1967-ல் சி.எஸ். தோற்றார்.

அம்மா சொன்னது முழு நியாயமில்லை. ஆடுதுறையில் பிறந்த ஏ.டி.டி.27 நெல் ரகம் அந்தச் சமயத்தில்தான் தஞ்சைக் குறுவையில் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் நெல் கோதுமை மாதிரி உடனே பலன் காட்டவில்லை, தேர்தலும் காத்திருக்கவில்லை. 1965-ல் ஒரு கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை 1968-ல் ஒரு கோடியே 65 லட்சம் டன்னானது. வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களை மூடி மூட்டை அடுக்கினார்கள். அந்த ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது சி.எஸ். மந்திரியுமில்லை, எம்.பி.யுமில்லை.

பிறகு டெல்லிக்குத் திரும்பினார்; எமர்ஜென்சி காலத்தில் நிதி மந்திரியாக இருந்தார். சுதந்திரப் போரில் ஜெயிலுக்குப் போனவர் அந்த மந்திரிசபையில் உட்கார்ந்திருந்ததை என்னால் இன்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1998-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். அப்பா அப்போது இல்லை, அம்மா இருந்தார். செய்தியைச் சொன்னேன். "குடுக்கட்டும், வெளைய வெச்சவருதானே" என்றார். ஓட்டு விஷயத்தில் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.