ஒரு பந்து, முப்பது பிள்ளைகள்

வயல் வெட்டி முடிந்த காலத்தில் சொறிக்கல்முனைப் பக்கம் போனால் இன்றும் காணலாம். காய்ந்த வயலில் எட்டுப் பிள்ளைகள், ஒரு பந்து, கோல் கம்பத்துக்குப் பதில் நான்கு செருப்புகள். நாங்களும் அப்படித்தான் உதைபந்து பழகினோம்.

ஆனால் ஆசிரியர்களாகி விசிலைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிட்டோம். முப்பது பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் இறக்கி ஒரு பந்தைப் போட்டோம். கெட்டிக்காரர் நாலைந்து பேர் ஓடினார்கள். மற்றவர்கள் பந்து காலில் படாமலே வீடு போனார்கள். சிலர் அடுத்த கிழமை வரவேயில்லை. அது எங்கள் பிழை.

சின்ன ஆட்டத்தின் வரலாற்றிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். 1930 இல் உருகுவே, இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டினாவை 4-2 என வென்று முதலாவது உலகக் கிண்ணத்தைத் தன் மண்ணிலேயே எடுத்தது. தலைநகர் மொன்டேவீடியோவில் எல்லாச் சிறுவரும் பந்தும் காலுமாக நின்றார்கள், மைதானம் போதவில்லை. கூடைப்பந்துத் திடலிலும் விளையாடினார்கள். அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர் யுவான் கார்லோஸ் செரியானி அந்த விளையாட்டுக்கு விதி எழுதினார். அணிக்கு ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்திலிருந்தும், கோல்காப்பாளர் விதிகளை நீர்ப்பந்திலிருந்தும் எடுத்தார். இன்றைய ஃபுட்சால் அதுதான். ரொனால்டினோ, நெய்மார் போன்றோர் சிறுவயதில் அதில் வளர்ந்தவர்கள்.

பின்னர் ஜேர்மனியரான ஹோர்ஸ்ட் வைன் என்ற பயிற்றுநர் மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் நான்கு சிறிய கோல்களை வைத்தார். ஒவ்வோர் அணிக்கும் அடிக்க இரண்டு கோல். ஒன்றை மறித்தால் பிள்ளை தலையை நிமிர்த்தி மற்றதைத் தேட வேண்டும். பார்வையும் முடிவெடுக்கும் பழக்கமும் அப்படித்தான் வருகின்றன. 2024 இல் ஜேர்மனி இவ்வகைச் சிறு ஆட்டங்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் கட்டாயமாக்கியது.

நமது கணக்கும் இலகுதான். முப்பது பிள்ளைகள் என்றால் ஐந்து சிறு திடல்கள், ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மூன்று. ஒரு திடலுக்கு இருபத்தைந்து எட்டு நீளம், இருபது எட்டு அகலம் போதும். ஓர் அணி மூன்று கோல் முந்தினால் மற்ற அணிக்கு ஒரு பிள்ளையைக் கூடச் சேர்க்கலாம். பத்து நிமிடத்துக்கொரு முறை அணிகளை மாற்றலாம். வெளியே உட்கார்ந்திருக்க யாருமில்லை.

குறைவது பந்துதான். வீட்டில் சும்மா கிடக்கும் பந்து இருந்தால், பழசானாலும் பரவாயில்லை, பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள்.