குடிலில் எழுந்த புகை

கரவெட்டியில் எங்கள் அம்மப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். துலா மிதித்து இறைத்து, வெட்டிய இலையைக் குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டைப் புகை போடுவார். அந்த வாசம் எனக்கு இன்றும் பிடிக்கும், சொல்லவே வலிக்கிறது.

யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. அந்தக் காசில் இங்கே கல்வீடும் சீதனமும் வந்தன. அதே திருவிதாங்கூரில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஐ. எம். ஓர் என்ற வைத்தியர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார்.

புகையிலை பதமாகும்போதே நிக்கோட்டினும் அதன் இனப் பொருள்களும் நைத்திரைற்றுடன் சேர்ந்து நைத்திரசமீன்களாகின்றன. உடலுக்குள் அவை மாறி, கலத்தின் டிஎன்ஏயில் ஒட்டும். அதனால் வரும் பிழை திருத்தப்படாவிட்டால், வருடக்கணக்கில் பெருகிப் புற்றாகலாம். பாக்கும் தப்பவில்லை. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் புற்றுநோய்க் காரணி என்றே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது.

அம்மம்மா புகையிலைத் துண்டை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டே நித்திரையாவா. புண் வந்ததும் அங்கேதான். "சுண்ணாம்பு சுட்டுப்போட்டுது மோனை" எண்டா. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. அந்த வருஷமும் தோட்டத்தில் புகையிலைதான் நட்டிருந்தம்.