தடாகத்துக்குள் பிறந்த மூன்று விளையாட்டுகள்

தண்ணீருக்கு அடியில் ஹொக்கி விளையாடுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "அப்போ மூச்சு எப்படி சேர் விடுற?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லும் முன் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தடாகத்தில் விளையாட முதலில் தடாகம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் தொழிற்சாலை நகரங்களில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குளிக்கவே வசதி இல்லை. நோய் பரவியது. 1846இல், பொதுக் குளியல் இடங்களையும் சலவைக் கூடங்களையும் நகர சபைகள் கட்ட வழிசெய்யும் சட்டம் வந்தது. சுகாதாரத்துக்காக வந்த அந்த இடங்களில் காலப்போக்கில் நீச்சல் தடாகங்களும் பெருகின. தடாகங்களைத் தொடர்ந்து நீச்சல் கழகங்கள் உருவாகின.

கழகங்கள் நீச்சல் போட்டி வைத்தன. ஆனால் கரையில் இருப்பவருக்கு அது எவ்வளவு நேரம் சுவைக்கும்? தெரிவது தலைகள் மட்டும்தான். சனத்தைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்றுதான் 1870களில் ஒரு றப்பர் பந்தைத் தண்ணீருக்குள் போட்டார்கள். 1877இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் நடந்த ஒரு நீர் விழாவுக்காக வில்லியம் வில்சன் என்ற நீச்சல் பயிற்றுநர் இதற்கு விதிகள் எழுதினார். அதுவே வளர்ந்து இன்றைய வாட்டர் போலோ ஆனது. 'போலோ' என்பது காஷ்மீருக்கு வடக்கே பல்திஸ்தான் மக்கள் பந்துக்குச் சொல்லும் 'புலு' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த மலைநாட்டில் குதிரையில் ஏறி ஆடிய ஆட்டத்தின் பெயர், குதிரையே இல்லாத ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது!

ஆரம்ப காலத்து ஆட்டம் ஏறக்குறைய மல்யுத்தம்தான். பந்தை எதிர்ப்பக்கத்து மேடையில் இரண்டு கையாலும் வைத்தால் கோல். கோல் காப்பாளர் கரையில் நிற்பார். யாராவது கிட்ட வந்தால் அவர் மேலேயே பாய்வார். கலங்கிய தண்ணீரில் பந்தை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு மூழ்கிப்போய் கோலடியில் எழும்புவதும் நடந்தது. மூழ்கியவர் எழும்பாமல் போனால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

விதிகள் அந்தப் பயத்திலிருந்துதான் பிறந்தன. கூடு போன்ற கோல் வந்தது. பந்தை எறிந்தே கோல் போட வேண்டும் என்றானது. பந்தைத் தண்ணீருக்குள் அமுக்கக் கூடாது. பந்து கையில் இல்லாதவரைப் பிடிக்கக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 1890இல் லண்டனில் நடந்த முதலாவது சர்வதேசப் போட்டியில் ஸ்கொட்லாந்து 4-0 என இங்கிலாந்தை வென்றது. 1900இல் பரிஸ் ஒலிம்பிக்கில் ஆட்டம் சேர்ந்தது. பெண்களுக்கோ 2000இல் சிட்னியில்தான் இடம் கிடைத்தது. சரியாக நூறு வருடம்!

இனி ஹொக்கிக்கு வருவோம்.

1954. இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்சீ என்ற இடம். அங்கே புதிதாக ஒரு சுழியோடிகள் கழகம். மாரியில் கடல் குளிரும், யாரும் இறங்கமாட்டார்கள். அங்கத்தவர்கள் கழகத்துப் பக்கமே வராமல் போய்விடக்கூடும். அலன் பிளேக் என்பவரும் நண்பர்களும் தடாகத்தின் அடியில் ஒரு ஈயக் கட்டியைப் போட்டு, சிறு தடியால் தள்ளி விளையாடத் தொடங்கினார்கள். அணிக்கு எட்டுப் பேர் என்பதால் 'ஒக்டோபுஷ்' என்று பெயர் வைத்தார்கள். ஈயக் கட்டிக்கு 'ஸ்குயிட்', அதாவது கணவாய் என்று பெயர். இன்று ஆறு பேர் தண்ணீரில் ஆடுகிறார்கள். பிளாஸ்டிக் உறையிட்ட கட்டி ஏறக்குறைய 1.3 கிலோ. 1980இல் கனடாவின் வன்கூவரில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்தது.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு விடை. இந்த ஆட்டத்தில் முதுகில் ஒட்சிசன் போத்தல் கிடையாது. முகக்கண்ணாடி, சுவாசக் குழாய், துடுப்புக் காலணி, அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், சில நொடிகளில் மேலே வந்தாக வேண்டும். ஆகவே எவ்வளவு பெரிய வீரனானாலும் கட்டியைத் தனியே கொண்டுபோக முடியாது. தனக்கு மூச்சு முடியும் முன் அடுத்தவர் கீழே இறங்கியிருக்க வேண்டும், அவரிடம் கொடுத்துவிட்டு மேலே வர வேண்டும். "நான்தான் கோல் போடுவேன்" என்பவனுக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது ஜேர்மனியில். 1961இல் கொலோன் நகர சுழியோடிகள் கழகத்தைச் சேர்ந்த லுட்விக் வொன் பெர்சுடா ஒரு சின்ன விடயம் செய்தார். பந்துக்குள் காற்றுக்குப் பதிலாக உப்புத் தண்ணீரை நிரப்பினார். உப்புத் தண்ணீர் தடாகத் தண்ணீரை விடக் கனமானது, ஆகவே பந்து மிதக்காமல் மெதுவாகத் தாழ்ந்தது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானம்தான்! அதிலிருந்து தண்ணீருக்கடி றக்பி உருவானது. தடாகத்தின் அடியில் இருக்கும் கூடைக்குள் பந்தைப் போட வேண்டும்.

இந்த மூன்றையும் உருவாக்கியவர்கள் அரசரோ கோடீஸ்வரரோ அல்ல. கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும், மாரியிலும் தண்ணீரை விடக் கூடாது என்று யோசித்த சாதாரண கழகக்காரர்கள். கையில் கிடைத்தது ஒரு பந்து, ஒரு ஈயக் கட்டி, கொஞ்சம் உப்பு.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? சுற்றிவரக் கடல். குளம், ஆறு, களப்பு, வாய்க்கால் இல்லாத ஊர் குறைவு. ஆனாலும் இந்நாட்டில் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி மௌத்தாகிறார்கள். கொழும்பில் றோயல், சென். தோமஸ் போன்ற கல்லூரிகள் வருடாவருடம் வாட்டர் போலோவில் மோதுகின்றன. நமது பிள்ளைகளிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: "தண்ணிப் பக்கம் போகாத." பெண் பிள்ளைகளுக்கு அதுவும் சொல்வதில்லை, பேச்சே இல்லை.

போகாதே என்றால் பிள்ளை போகாமல் இருப்பதில்லை. நமக்குத் தெரியாமல் போகும். நீந்தத் தெரியாமல் போகும்.

எட்டக்கூடிய தூரத்தில் தடாகம் இருந்தால், இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து வாரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வேறு நேரம், பெண் பயிற்றுநர். முதலில் நீச்சல், பிறகு ஆழமில்லாத பக்கத்தில் ஒரு பந்து. பெரியவர் ஒருவர் கையில் போன் இல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் கூட நேரம் மூச்சுப் பிடிப்பது என்ற போட்டி மட்டும் வேண்டாம். வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்கினால் உள்ளேயே மயக்கம் வரும், நன்றாக நீந்துபவரும் அப்படி உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஆட்டத்தின் விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். "இது ஆபத்து, இதை மாத்துவம்" என்று ஒரு பிள்ளை சொல்லும் நாளில், அபர்டீனிலும் சவுத்சீயிலும் நடந்தது நமது ஊரிலும் நடக்கிறது என்று அர்த்தம்.

தடாகம் கிட்ட உள்ள ஊர்க்காரர்கள், நீச்சல் பழக்கக்கூடியவர்கள், குறிப்பாகப் பெண்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பெற்றோரும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பேசித் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.