கடல்நீரை ஆற்றியவள்

திண்டுக்கல்லில் பூட்டு கிடைக்கும், பிரியாணி கிடைக்கும், சிறுமலை வாழைப்பழம் கிடைக்கும். கடல் மட்டும் கிடைக்காது. கிழக்கே எந்தச் சாலையில் போனாலும் கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் வீட்டுக்குள் கடல்மீன் தொட்டி வைக்கும் ஆசை இந்த ஊர்க்காரர்களையும் விடுவதில்லை. உப்பு ஒரு பிரச்சினையே இல்லை. கடலின் தாதுக்களைப் பொடியாகக் கலந்து பையில் விற்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் கரைத்தால், வேதியியல் கணக்கில் கடல் தயார். பையில் வராதது அலை.

அலை என்ன அவ்வளவு முக்கியமா என்றால், பவளத்துக்கு முக்கியம். பவளம் பார்க்கச் செடி மாதிரி இருக்கும், ஆனால் விலங்கு. ஒட்டிக்கொண்ட இடத்தை விட்டு நகராது. சுவாசிக்க ஆக்ஸிஜனும் தின்ன நுண்ணுயிரும் தண்ணீர் கொண்டுவந்து தரவேண்டும், கழிவையும் தண்ணீரே அள்ளிப் போகவேண்டும். எந்தத் திடப்பொருளை ஒட்டியும் கிட்டத்தட்ட அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். பொறியியல் கல்லூரியில் திரவ இயக்கவியல் தாளுக்காக மனப்பாடம் செய்த ‘எல்லைப் படலம்’தான் அது. நீரோட்டம் மந்தமானால் அந்தப் படலம் தடிக்கும். சுற்றிலும் ஆக்ஸிஜன் இருந்தாலும் பவளத்துக்கு வந்து சேராது. ஒரே திசையில் ஓயாமல் பீய்ச்சினாலும் ஆகாது, சதை கிழியும். முன்னும் பின்னும் ஊசலாடும் நீர் வேண்டும்.

இதை வீட்டுக்குள் முதலில் செய்தவர்களில் ஒருவர் ஆனா தின் என்ற லண்டன் பெண்மணி. கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உயர் பொறுப்பில் இருந்த பாதிரியார். 1846-ல் டார்க்கி கடற்கரைக்குப் போனவர் அங்கிருந்த சிறு பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். வழியில் உருண்டு அடிபடாமலிருக்க அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சோடு ஊசிநூலால் தைத்து, கடல்நீர் நிரம்பிய கல்ஜாடியில் வைத்து எடுத்துவந்தார். கொண்டுவந்த கடல்நீரை அடிக்கடி மாற்ற முடியாது. அதனால் இருக்கிற நீரையே திறந்த ஜன்னல் முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம்.

நம்மூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நடப்பது அதேதான். டீ மாஸ்டர் ஆற்றுகிறார், காற்று உள்ளே கலக்கிறது. அங்கே ஆற்றியது ஆனா தின் இல்லை, வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது என்ற பொருளில் எஜமானி பின்னாளில் எழுதினார். அந்தக் குறிப்புகள் 1859-ல் ஓர் அறிவியல் இதழில் வந்தன. சிறுமியின் பெயரை அவர் சொல்லவில்லை. விளையாட்டா இல்லையா என்று அவளை யார் கேட்டார்கள்? உலகின் முதல் ‘வேவ் மேக்கர்’களில் ஒன்று அவளுடைய தோள்பட்டை.

அதன் பிறகான வரலாறு, அந்தத் தோளின் இடத்தில் எதை வைப்பது என்ற வரலாறு. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்த மீன்காட்சிச்சாலையில் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் நீராவி இயந்திரத்தை வைத்தார். அவருடைய கொள்கை எளிமையானது. பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் கீழே இருட்டில் இருக்கவேண்டும், நீர் இரவும் பகலும் மேலும் கீழும் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் தொழிலில் இதை ‘அப்டைம்’ என்போம். சர்வர் ஒரு மணி நேரம் படுத்தால் வாடிக்கையாளர் கத்துவார். தொட்டி படுத்தால் யாரும் கத்தமாட்டார்கள், காலையில் மிதக்கும்.

இந்தியாவுக்கு இது 1909-ல் வந்தது. மெரினாவில் நாட்டின் முதல் கடல்மீன் காட்சிச்சாலை, எட்கர் தர்ஸ்டன் முயற்சியில். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளாக வகைப்படுத்திய அதே தர்ஸ்டன். அந்த ஏழும் அதே 1909-ல்தான் வெளிவந்தன. எதையும் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் மனம் போலிருக்கிறது. 1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் காட்சிச்சாலையை மூடினார்கள். அந்தக் கட்டடம் மறுபடி திறக்கவே இல்லை.

நமக்குக் குண்டு தேவைப்படவில்லை, மின்வெட்டே போதுமானதாக இருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. இன்வெர்ட்டர் பேட்டரி முழுசாக ஏறுவதற்குள் அடுத்த கட் வந்துவிடும். தொட்டி வைத்திருந்தவர்கள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். 1846-ன் தொழில்நுட்பம். ஒரே வித்தியாசம், இப்போது எஜமானரே ஆற்றவேண்டியிருந்தது.

நடுவில் அழகான யோசனைகள் சில வந்துபோயின. 1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள பாறைகளும் காற்றுக்குமிழ்களும் மட்டுமே வைத்துப் பவளம் வளர்ப்பதை எழுதினார். வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி, நிரம்பியதும் தானாகக் கவிழும் வாளியை வைத்து அலை உண்டாக்கினார். எனக்குப் பிடித்தது ஹவாயின் வைகிகி மீன்காட்சிச்சாலையில் ப்ரூஸ் கார்ல்சன் செய்தது. மேலே ஒரு தொட்டியில் சிறு பம்ப் மெதுவாக நீரேற்றும். குறிப்பிட்ட உயரம் தொட்டதும் வளைகுழாய் வழியாக மொத்தமும் ஒரே வீச்சில் கீழே கொட்டும். பம்பைத் தவிர அசையும் பாகம் எதுவும் கிடையாது. திருவிழாக் கடைகளில் விற்ற வசுதேவர் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குழந்தைக் கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் வடிந்துவிடும். அதே சைஃபன் தத்துவம். யமுனை விலகும் கதையை நம் கைவினைஞர்கள் பித்தளையில் செய்துவைத்திருந்தார்கள், அதை அலையாக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. இப்போதோ மோட்டார் கண்ணாடிக்கு வெளியே, விசிறி உள்ளே, நடுவில் காந்தம். போனிலேயே அலையின் தாளத்தை மாற்றலாம்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக் கணக்கில்லை. 1998-ல் கடல் சூடாகி உலகெங்கும் பவளங்கள் வெளுத்தன. ஜப்பானின் ஒகினாவாவில் அதை ஆராய்ந்த நாகமுராவும் வான் வோசிக்கும், பவளங்கள் பிழைத்ததற்கு வேகமான நீரோட்டமும் ஒரு காரணம் என்று 2001-ல் எழுதினார்கள். வெப்பத்தில் பவளத்துக்குள் சேரும் நச்சை ஓடும் நீர் கழுவிக்கொண்டு போகிறது என்பது அவர்கள் விளக்கம். தொட்டி வைப்பவர்களின் எல்லைப் படலக் கவலை, கடலிலேயே உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

அதே 2001-ல் இந்திய அரசு பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளத்தில் ஒரு துண்டை உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், செத்த துண்டாகவே இருந்தாலும், குற்றம். சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆசைப்பட்டதைப் பஞ்சில் தைத்து எடுத்துவர ஆனா தின்னுக்கு இருந்த சுதந்திரம் நமக்குத் தேவையில்லை.

எனவே திண்டுக்கல் மீன்கடைகளில் கிடைப்பது ரெசின் பவளம். ஊதா, ஆரஞ்சு, ரேடியம் பச்சை. நடுவில் பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள். ரெசினுக்கு அலை தேவையில்லை. ஆனாலும் கடைக்காரர் வேவ் மேக்கரைச் சேர்த்துத்தான் பில் போடுகிறார், கூடவே கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. எதுக்குண்ணே இதெல்லாம் என்று கேட்டால், “மீனுக்கு மூச்சு விடணும்ல தம்பி” என்கிறார்.